ஜன்னலில் அடித்த தகரம்

பவுல்துரை வாழ்நாளில் ஒரு பீடியைத் தொட்டவனில்லை. ஆனாலும் இருமலுக்காக அவன் பார்த்த முதல் இரண்டு டாக்டரும் கேட்டது, ஒரு நாளைக்கு எத்தனை கட்டு என்றுதான். இல்லை சார் என்றான். நம்பவில்லை. என்ன வேலை செய்கிறாய் என்று கேட்க ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

ஆரணியில் மாணிக்கவேலின் வெல்டிங் பட்டறைக்கு அவன் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் வந்தான். நீளக் கட்டடம். முன்னால் கதவு, பின்கோடியில் ஒரு ஜன்னல். ஜன்னலுக்கு அடியில்தான் அவனுக்கு வேலை. அந்தப் பக்கம் நெசவாளர் தெரு. காலையில் அங்கே பாவு என்கிற பட்டு நெசவு நூலை நீளமாக இழுத்துக் கட்டி இழை சரிபார்ப்பார்கள். சேர்ந்த மாசமே பட்டறைக் கரி பறந்துபோய் நெசவாளி குப்புராஜின் வெள்ளைப் பாவில் உட்கார்ந்தது. அவர் நாலு பேரோடு வந்து கத்தினார். மாணிக்கவேல் அன்றைக்கே ஜன்னலில் தகரத்தை வைத்து ஆணி அடித்தார். பட்டு பிழைத்தது.

புகை எங்கே போகும்? பவுல்துரையின் மூக்குக்குள் போயிற்று. துத்தநாகம் பூசிய தண்ணீர்ப் பைப்பு பற்றவைக்கிற நாளில் வெள்ளைப் புகை சுருண்டு நிற்கும். வாயில் தித்திப்பாக ஒரு கெட்ட ருசி. சாயங்காலம் பல் கிட்டுகிற குளிர்காய்ச்சல், விடிந்தால் ஒன்றுமில்லை. புகையை முறிக்கும் என்று முதலாளி அதற்கு வெல்லம் கொடுப்பார். வெல்லம் இறங்குவது வயிற்றுக்கு, புகை இறங்குவது நெஞ்சுக்கு. இதைச் சொல்லப் படிப்பு வேண்டுமா?

எண்பத்திரண்டில் இருமல் நிற்கவே இல்லை. காசநோய் என்று பேச்சு கிளம்பியது. மனைவி அமலோற்பவம் அவன் தட்டைத் தனியாக எடுத்து வைத்தாள். வைக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுவருசம் வேலூரில் சளியைச் சோதித்தார்கள். கிருமி இல்லை. அங்கிருந்த டாக்டர்தான் முதல்முறையாக வேலையைக் கேட்டார். கேட்டுவிட்டு, புகை நெஞ்சைத் தின்றிருக்கிறது, போனது திரும்பாது, இருக்கிறதையாவது காப்பாற்று, காற்று வருகிற இடத்தில் வேலை செய் என்றார்.

பவுல்துரை முதலாளியிடம் போய்ச் சொன்னான். அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

"தகரத்த எடுத்தா நெசவாளிங்களுக்கு யாரு பதில் சொல்றது? பேஜார் பண்ணாத பவுலு. வெல்லம் துன்றியா இல்லியா?"

மறுநாள் காலை அவன் கடப்பாரையை எடுத்துத் தகரத்தைப் பிடுங்கி எறிந்தான். அந்த இரண்டு நிமிச வேலைக்கே மூச்சு முட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். தகரம் விழுந்த சத்தத்தில் குப்புராஜ் ஓடி வந்தார். பவுல்துரை இருமித் துண்டில் துப்பினான். கறுப்பு.

குப்புராஜ் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சொன்னார்: "இதுல பாதி வந்து உழுந்தாலும் எம் பாவு போச்சு."

பவுல்துரைக்கு உடம்பெல்லாம் பற்றியது. வெல்டிங் கேபிளை ஜன்னல் வழியே தெருவில் வீசினான். பைப்பையும் முக்காலியையும் தூக்கிக்கொண்டு சுற்றிப் போய், பாவுக்குப் பத்தடி தள்ளி உட்கார்ந்து, வெல்டிங் ராடைப் பைப்பில் உரசினான். பொறி பறந்தது. தெருவே அலறியடித்துப் பாவைச் சுருட்டியது. மாணிக்கவேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார்.

அப்புறம்தான் முதலாளியும் நெசவாளர்களும் உட்கார்ந்து பேசினார்கள். பேச்சு ஒரு டீ ஆறுகிற நேரம்கூட நீளவில்லை. பாவு வேலை எப்படியும் ஒன்பது மணிக்கு முடிந்துவிடும். பட்டறை திறப்பது எட்டு மணிக்கு. ஒன்பது வரை வெல்டிங் வேண்டாம், அறுப்பது தட்டுவது நடக்கட்டும். அப்புறம் ஜன்னல் திறந்தே கிடக்கட்டும். அவ்வளவுதான். ஒரு மணி நேரச் சமாச்சாரம். பதினோரு வருசமாக ஒருத்தன் நெஞ்சு அதற்காகக் கருகியது.

எழுந்து போகும்போது குப்புராஜ், "இத முன்னாடியே வந்து கேட்டிருக்கலாம் இல்ல?" என்றார்.

"பதினோரு வருசமா அந்தத் தகரத்துக்குப் பின்னால இருமிகினுதான் இருந்தன். உன் காதுல உழல?"

குப்புராஜ் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். ஒன்பது மணிக்கு ஜன்னல் வழியாகக் காற்று வந்தது. பவுல்துரை ஒரு பைப்பைப் பற்றவைப்பதற்குள் மூச்சு வாங்கி மூன்று தடவை உட்கார்ந்து எழுந்தான்.