கடைசித் தாள் வரை ஏறிய அழுக்கு

நூலகத்தில் திரும்பி வரும் புத்தகங்களை வாங்கி வைப்பவளுக்கு ஒரு பழக்கம் உண்டு. அட்டையைப் பார்க்கமாட்டாள். புத்தகத்தை மூடிப் பிடித்து, தாள்களின் விளிம்பைப் பார்ப்பாள். விரல் அழுக்கு எதுவரை ஏறியிருக்கிறதோ அதுவரைதான் ஆட்கள் படித்திருக்கிறார்கள். பேர்பெற்ற நாவல்கள் பலவற்றில் அது பாதியிலேயே நின்றிருக்கும். பத்தொன்பது வருடமாக இதை யாரிடமும் அவள் சொன்னதில்லை.

அன்று மதியம் கணினிப் புத்தகங்களின் அலமாரி முன்னால் நின்றாள். அவற்றை அடுக்கத் தெரியுமே தவிர, பிரித்துப் பார்த்ததில்லை.

அவளுடைய அண்ணன் மருந்துக்கடையில் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரில் எந்த மருந்துக்கடை திறந்திருக்கும் என்று சொல்ல, தானாகவே கற்றுக்கொண்டு ஓர் இணையப் பக்கம் செய்து சர்வரில் ஏற்றியிருந்தார். அவர் இறந்துபோய் நாலு மாதம் ஆகிறது. பக்கம் மட்டும் அவர் கடைசியாக எழுதிய பட்டியலையே காட்டிக்கொண்டிருந்தது. போன ஞாயிறு, காய்ச்சல்காரக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருத்தி பூட்டிய கடைக்கு அலைந்துவிட்டு, அண்ணியிடம் வந்து சொல்லியிருக்கிறாள்.

"பொய் சொல்லிக்கிட்டு அவர் பக்கம் இருக்க வேணாம், எடுத்துடு" என்றாள் அண்ணி. தானே கற்றுத் திருத்திப் பார்ப்பதாக இவள் மாதக் கடைசி வரை தவணை கேட்டிருந்தாள்.

நூலகத்தின் கணினிப் பிரிவைப் பார்த்துக்கொள்பவர் புதிதாக வந்த புத்தகம் ஒன்றைச் சிபாரிசு செய்தார். செங்கல் கனம். விளிம்பில் நாற்பது பக்கம் வரை சாம்பல் நிறம், அப்புறம் பால் வெள்ளை. எல்லாரும் அந்த நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டார்கள். படங்கள் நிறைந்த இன்னொன்றும் அதே கதைதான். கீழ்த்தட்டில் முதுகு தளர்ந்த ஒல்லிப் புத்தகம் ஒன்று கிடந்தது. கடைசித் தாள் வரை அழுக்கு. நடுவே ஓரிடம் கரியாகவே இருந்தது. பிரித்தாள்: சர்வர் நின்றுபோனால் முதலில் எங்கே பார்ப்பது என்ற அத்தியாயம்.

"என்னக்கா, மீனுக்குச் செவுள் பாக்கற மாதிரி பாக்கறீங்க? அது ஆறு வருஷம் பழசு. இப்ப யாரும் அப்படி நிரல் எழுதறதில்ல" என்றார் கணினிப் பிரிவுக்காரர்.

அவள் பையிலிருந்து அண்ணனுடைய நிரலை அச்செடுத்த தாள்களை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். வரிகள் உள்தள்ளி நிற்கும் விதம், திரும்பத் திரும்ப வரும் சொற்கள் எல்லாம் ஒரே சாயல்.

"இதுவும் ஆறு வருஷம் பழசுதான்."

அவர் இரண்டையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, அப்படியானால் அதுவே சரி என்று ஒதுங்கிக்கொண்டார்.

அந்த விரல் தடங்களில் ஒன்று அண்ணனுடையதாக இருக்குமோ என்று ஒரு கணம் தேடினாள். இருக்காது. உங்கள் நூலகத்துக் கணினிப் புத்தகங்களை அருங்காட்சியகத்துக்கு அனுப்பு என்று கிண்டலடித்தவர் அவர்.

மூன்றாம் அத்தியாயத்தில்தான் விஷயம் பிடிபட்டது. சர்வர் காத்திருக்கிறது. யாராவது கேட்டால் தேடி எடுத்துத் தருகிறது. இல்லாவிட்டால் இல்லை என்கிறது. அட, இது நம் கவுண்டர் வேலைதானே என்று தோன்றியதும் பயம் விட்டது. அப்புறம் ஒவ்வொரு வரியையும் மாற்றி மாற்றி, என்ன ஆகிறது பார்ப்போம் என்று இறங்கிவிட்டாள்.

மாதத்தின் கடைசி ஞாயிறு காலை அண்ணி போனில் வந்தாள்.

"மூலைக்கடை திறந்திருக்குன்னு போட்டிருக்கே. நீயா மாத்தின?"

"நான்தான் அண்ணி. சரியான்னு போய்ப் பாத்துச் சொல்லுங்க."

"வாசல்லதான் நிக்கறேன். திறந்துதான் இருக்கு."