எதேச்சையாகப் பூங்காவுக்குப் போனோம்

கள்ளக்குறிச்சியைச் சுற்றி மரம், செடி, தண்ணீர், உட்கார ஒரு சிமெண்ட் பெஞ்சு, இதெல்லாம் ஒன்றாக இருக்கிற எந்த இடத்தைக் கேட்டாலும் எனக்கு வழி தெரியும். இயற்கை மேல் ஆசை என்று நினைத்துவிடாதீர்கள். என்னைப் பெண் பார்த்ததெல்லாம் அங்கேதான்.

அது எங்கம்மாவின் ஏற்பாடு. முதலில் வந்தவர்கள் வீட்டுக்குத்தான் வந்தார்கள். கேசரியைத் தின்றார்கள், பஜ்ஜியைத் தின்றார்கள், "போய்ட்டு போன் பண்றோம்" என்று போனார்கள். போன் வரவில்லை. ஆனால் எதிர் வீட்டு அக்காவிலிருந்து பால் ஊற்றுகிறவர் வரை "இன்னா ஆச்சு, இன்னா ஆச்சு" என்று கேட்டே அம்மாவைக் கொன்றுவிட்டார்கள். கோயிலில் வைத்துக்கொள்ளலாமே என்றார் அப்பா. சாமி எதிரிலேயே ஒருத்தன் வேண்டாம் என்று போய்விட்டால் பெண்ணுக்கு ஆகாது என்று அம்மா அதையும் தள்ளிவிட்டாள். மிச்சம் இருந்தது பூங்கா. பூங்காவுக்கு எதற்கு வந்தாய் என்று யாரும் யாரையும் கேட்க முடியாது பாருங்கள்.

அதற்கு ஒரு முறை இருக்கிறது. பெண் பார்க்க வந்தோம் என்று இரண்டு தரப்பும் வாயைத் திறக்கக் கூடாது. எதேச்சையாகச் சந்தித்த மாதிரி இருக்க வேண்டும். நாங்கள் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். அவர்கள் பராக்குப் பார்த்துக்கொண்டே வருவார்கள். "இன்னாங்க, சுத்திப் பாக்க வந்தீங்களா?" என்பாள் அம்மா. "ஆமாங்க, சும்மா அப்டியே" என்பார்கள் அவர்கள். அப்புறம் ஊர், நிலம், வீடு என்று பேச்சு போகும். பிடித்தால் புரோக்கர் போன் செய்வார். பிடிக்காவிட்டால் யாருக்கும் ஒன்றும் இல்லை, எல்லோரும் காற்று வாங்கத்தான் வந்தோம். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தலை நிறைய மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு, மத்தியான வெயிலில் காற்று வாங்க வந்திருக்கிறேனாம் நான்.

எனக்கு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. ஊரில் பாதிப் பேர் கையில் நான் ஊசி குத்தியிருக்கிறேன். அதனால் ஊருக்குள் இருக்கிற பூங்கா முதல் தடவையிலேயே வீணாகப் போனது. மாப்பிள்ளையும் அவருடைய மாமாவும் எதேச்சையாக வந்து உட்கார்ந்து, அம்மா எதேச்சையாக நிலம் எவ்வளவு என்று கேட்டுக்கொண்டிருந்தபோது, வாக்கிங் வந்த ஒரு பெரியவர் நேராக என் முன்னால் நின்று, "பாப்பா, என் சுகர் இன்னா வந்துக்குது? மூத்திரத்துலயும் இருக்குதா?" என்று சத்தமாகக் கேட்டார். மாமா முகம் சுருங்கியது பாருங்கள், எனக்கே பாவமாக இருந்தது.

அடுத்தது கோமுகி அணைப் பூங்கா. மாப்பிள்ளையின் அம்மா பையிலிருந்து தேங்காய் பிஸ்கட் பாக்கெட்டை எடுத்தார்கள். எங்கிருந்துதான் வந்ததோ, ஒரு குரங்கு அதைப் பிடுங்கிக்கொண்டது. அம்மாவைக் காப்பாற்ற வேண்டிய மாப்பிள்ளை ஓடிப்போய்ப் பிள்ளைகள் சறுக்குகிற சறுக்குமரத்தின் உச்சியில் ஏறி நின்றுகொண்டார். இறங்கும்போது படியில் இறங்கியிருக்கலாம். சறுக்கிக்கொண்டு வந்தார். நான் சிரித்திருக்கக் கூடாது. ஆனால் நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?

வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னைக் காய்ச்சி எடுத்துவிட்டாள். "பல்ல மூடிக்கினு இருக்கத் தெரியாதாடி உனக்கு?"

இதெல்லாம் எனக்கு விளையாட்டாகத்தான் இருந்தது, தங்கச்சி விஷயம் வருகிற வரைக்கும்.

என் தங்கச்சிக்கு ஒரு பையனைப் பிடித்திருந்தது. கூட வேலை செய்கிறவன், நல்ல பையன், அவன் வீட்டிலும் சம்மதம். எங்கப்பாவுக்கும் மறுப்பு இல்லை. தடையாக நின்றது நான் ஒருத்திதான். "பெரியவள வூட்டுல வச்சிக்கினு சின்னவ கழுத்துல தாலி ஏறுனா ஊரு இன்னா பேசும்? அதுக்கப்புறம் இவளுக்கு எவன் வருவான்?" என்று அம்மா பிடித்த பிடியிலேயே நின்றாள். பையன் வீட்டில் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, கார்த்திகைக்குள் ஒரு முடிவு சொல்லுங்கள், இல்லாவிட்டால் நாங்கள் வேறு இடம் பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். தங்கச்சி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுவாள். 

அதனால் ஐப்பசியில் புரோக்கர் ஒரு வரன் சொன்னபோது முடிவு பண்ணிவிட்டேன். எந்தக் கழுதையாக இருந்தாலும் சரி, தலையை ஆட்டிவிடுவது.

மாப்பிள்ளைக்கு ரிஷிவந்தியம் பக்கம். சென்னையில் வேலை. புரோக்கர் அனுப்பிய போட்டோவில் கோட்டு சூட்டுப் போட்டு, பனிமலைக்கு முன்னால் நின்றிருந்தார். முகம் டியூப் லைட் மாதிரி வெளுத்திருந்தது. மூக்கு எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. கல்வராயன் மலையில் கரியாலூர் போட் ஹவுஸ் பூங்கா, நீலச் சட்டை, கூட அம்மா வருவார்கள். இவ்வளவுதான் அடையாளம்.

பஸ்ஸில் மலை ஏறினோம். தங்கச்சியைக் கூட்டிப் போகவில்லை. மாப்பிள்ளை கண் அக்காவை விட்டுவிட்டுத் தங்கச்சி மேல் போய்விட்டால் என்ன செய்வது என்று எங்கள் பக்கம் சின்னவளை வீட்டில் விட்டுவிட்டுத்தான் போவார்கள். வளைவுக்கு வளைவு அப்பா எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தார். பாதி மலையிலேயே போனில் டவர் போய்விட்டது.

பூங்காவில் அன்றைக்கு நல்ல கூட்டம். மலைக்கார அம்மா ஒருத்தர் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கு விற்றுக்கொண்டிருந்தார். தண்ணீர் ஓரத்து பெஞ்சில் நீலச் சட்டை போட்ட ஒருத்தர், பக்கத்தில் வயதான அம்மா. எங்கம்மா முந்தானையைச் சரி செய்துகொண்டு நேராகப் போனாள்.

"இன்னாங்க, சுத்திப் பாக்க வந்தீங்களா?"

"ஆமாங்க, சும்மா அப்டியே. உக்காருங்க."

"எந்த ஊருங்க?"

"ரிஷிவந்தியம் பக்கந்தாங்க."

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். பையன் எங்கே வேலை? சென்னையில், ஏசி ரிப்பேர். நிலம்? இருக்கிறது, கரும்பு போட்டிருக்கிறோம். சொந்த வீடா? மாடி எடுத்துக்கொண்டிருக்கிறோம். கேட்டதற்கெல்லாம் அந்த அம்மா சளைக்காமல் பதில் சொன்னார்கள். எங்கம்மாவிடமும் திருப்பிக் கேட்டார்கள். முன்பின் தெரியாத ஆளிடம் இதெல்லாம் கேட்பார்களா என்று நீங்கள் நினைக்கலாம். எங்கள் பக்கம் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாலே கிணற்றில் தண்ணீர் எத்தனை அடி என்று கேட்டுவிடுவார்கள். அதனால் யாருக்கும் ஒரு சந்தேகமும் வரவில்லை.

அம்மா அடுத்த கட்டத்துக்குப் போனாள். "தம்பி, அந்தப் பக்கம் ரோஜா ஜாஸ்தியா பூத்துக்குதாம். பொண்ணுக்குக் கொஞ்சம் காட்டிட்டு வாயேன்."

அவர் முழித்தார். தன் அம்மாவைப் பார்த்தார். "போய்க் காட்டிட்டு வாடா" என்றார்கள் அவர்கள். வந்தார்.

ரோஜாச் செடி ஓரமாக நடந்தோம். வாயைக் கட்ட வேண்டும் என்றுதான் கிளம்பியிருந்தேன். எவ்வளவு நேரம் முடியும்?

"சமைக்கத் தெரியுமாங்க?"

"பிரியாணி நல்லா பண்ணுவேங்க."

"நான் வேலைக்குப் போறேன். விட மாட்டேன்."

"எதுக்குங்க வுடணும்? கைத்தொழில வுடாதீங்க."

அடேயப்பா! இப்படியும் ஒருத்தனா என்று எனக்கு உள்ளுக்குள் பட்டாம்பூச்சி பறந்தது. எந்தக் கழுதையாக இருந்தாலும் சரி என்று வந்தவளுக்குக் குதிரையே கிடைத்துவிட்டது. நின்றேன். நிமிர்ந்து முகத்தைப் பார்த்தேன்.

"நேராவே கேக்கறேன். உங்களுக்கு என்னப் புடிச்சிருக்கா?"

அவர் வாயைத் திறந்தார். சத்தம் பின்னால் இருந்து வந்தது.

"ஏங்க, போட்டுக்கு டிக்கெட் வாங்கிட்டு எவ்ளோ நேரமா தேடிக்கினு இருக்கேன். இங்க இன்னா பண்ணிக்கினு இருக்கீங்க?"

இடுப்பில் ஒரு குழந்தை, கையில் ஒரு குழந்தை. அவர் பெண்டாட்டி.

பூமி பிளந்தால் உள்ளே போயிருப்பேன். பிளக்கவில்லை. அந்தப் பெண் என் பட்டுப்புடவையைப் பார்த்தாள், மல்லிகைப்பூவைப் பார்த்தாள், வியர்த்துக்கொட்டிய புருஷனைப் பார்த்தாள். விஷயம் புரிந்துவிட்டது. சண்டைதான் போடப் போகிறாள் என்று நினைத்தேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அக்கா! ஓடியா! எம்புருஷனுக்குப் பொண்ணு பாத்துக்கினு இருக்காங்க!" என்று பூங்காவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. பெஞ்சுக்குப் போய்ச் சொன்னதும் எங்கம்மா தலையில் கையை வைத்தாள். அந்த வயதான அம்மாவோ, "அதான் பாத்தேன், நெலம் எவ்ளோன்னு இவ்ளோ ஆசையா கேக்கறாங்களேன்னு" என்று கண்ணீர் வரச் சிரித்தார்கள்.

அப்புறம் எங்களை விடவில்லை. போட்டுக்கு வாங்க என்று இழுத்தார்கள். ஓடி வந்த அக்காதான் எங்கம்மாவைக் கைபிடித்துப் படகில் ஏற்றினாள். என் வயது இருக்கும். அவர்கள் வந்த வேனை மலை வளைவில் ஓட்டிக்கொண்டு வந்ததே அவள்தானாம். தங்கையின் குழந்தைகள் இரண்டும் அவள் மடிக்கு அடித்துக்கொண்டன. படகில் அம்மா பழக்கதோஷத்தில் கேட்டாள்.

"உங்க வூட்டுக்காரரு வர்லியாம்மா?"

"எனக்கு இன்னும் கல்யாணம் ஆவலம்மா."

"நீ பெரியவளா, அவ பெரியவளா?"

"நாந்தாம்மா பெரியவ. எனக்காக அவ எதுக்குக் காத்துக்கினு இருக்கணும்?" என்று சொல்லிவிட்டு, "பெடல மிதிம்மா, போட்டு சுத்திக்கினே இருக்குது" என்றாள்.

அம்மா மிதித்தாள். பட்டுப்புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு மிதித்தாள். அம்மாவை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. படகு கரையில் முட்டி, தண்ணீர் தெறித்து, நாங்கள் எல்லோரும் கூச்சல் போட்டுச் சிரித்தோம். நிஜ மாப்பிள்ளை வருவார் வருவார் என்று அப்புறமும் நெடுநேரம் உட்கார்ந்திருந்தோம். யாரும் வரவில்லை. சாயங்கால பஸ்ஸைப் பிடித்து இறங்கினோம்.

அடிவாரம் வந்து டவர் கிடைத்ததும் போன் அலறியது. புரோக்கர். அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

"எங்கம்மா போனீங்க? அவங்க வந்துட்டுப் போயாச்சு. நீங்க போட்டுல இருந்தப்ப கரையிலதான் நின்னுக்கினு இருந்தாங்க. வேணாம்னுட்டாங்க. பொண்ணுக்கு வாய் ஜாஸ்தியாம், கூச்சம் கம்மியாம்."

அவ்வளவுதான், தங்கச்சி கல்யாணம் போச்சு. என் வாயாலேயே கெடுத்துவிட்டேன். அம்மாவைப் பார்க்கவே பயமாக இருந்தது. முன் சீட்டில் அப்பா திரும்பாமல் உட்கார்ந்திருந்தார். அம்மா புரோக்கர் லைனைக் கட் பண்ணினாள். அப்புறம் வீட்டுக்குப் போட்டாள்.

"ஏய், அந்தப் பையன் வூட்டுக்குத் தகவல் சொல்லு. நாளைக்கு அப்பாவும் நானும் பேச வர்றோம். ஆமா, உனக்குத்தான். அழுவாதடி, வூட்டுக்கு வர்றேன்."

எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். அம்மாவைக் கட்டிப்பிடிக்கப் போனேன். பாதியிலேயே ஏதோ சுருக்கென்று குத்தியது. நான் வேண்டிக்கொண்டது நடந்துவிட்டது. ஆனால் அம்மா என்னை விட்டுவிட்டாள், இல்லையா? இவளுக்கு இனி ஆகாது என்று ஒரு பஸ் பயணத்தில் முடிவு பண்ணிவிட்டாள். ஆகாவிட்டால் போகட்டும் என்று ஆயிரம் தடவை நானே சொல்லியிருக்கிறேன். அதை அம்மாவும் சொல்வாள் என்று நினைக்கவில்லை.

"அப்ப என்னக் கை கழுவிட்டியாம்மா?" என்று கேட்டேன். கிண்டலாகக் கேட்கத்தான் பார்த்தேன். கிண்டலாக வரவில்லை.

அம்மா இன்னும் ஈரம் காயாத முந்தானையை உதறிக்கொண்டே சொன்னாள்.

"உனக்கு இன்னாடி கொறச்சல்? நல்லாத்தான் இருக்க. நாந்தான் உன்ன ஒவ்வொரு பூங்காவா இட்டுக்கினு போயி, எம்பொண்ணுகிட்ட கொற இருக்குதா பாருங்கன்னு கண்டவனுக்கெல்லாம் காட்டிக்கினு இருந்தேன்."