பர்மாக் கொண்டை

ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு என் மாமா, அம்மாவுக்கு இளையவர், அங்கே கட்டிக்கொண்ட பர்மாக்காரப் பெண்ணோடு காடும் மலையுமாக நடந்து மதுரை வந்து சேர்ந்தார். காஜிமார் தெருவை ஒட்டிய சந்தில் எங்கள் வீடு. அங்கேதான் இருவரும் தங்கினார்கள். என் வயதில் அவர்களுக்கு ஒரு மகள் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன். எங்கே என்று கேட்டதற்கு அம்மா, "வழியில விட்டுட்டு வந்துட்டாக. மாமிகிட்ட கேட்டுறாத" என்றாள். யார் வீட்டிலோ விட்டிருக்கிறார்கள், பின்னால் ரயிலேறி வருவாள் என்று நினைத்துக்கொண்டேன். பாயில் அவளுக்கு இடம் விட்டுப் படுப்பேன்.

மாமியைப் பார்த்துச் சந்தே சிரித்தது. "ஆம்பளைக கைலியக் கட்டிக்கிட்டு வந்திருக்காடி" என்றார்கள். அவளுக்குத் தமிழ் அவ்வளவாகத் தெரியாது. ஒருநாள் என்னைப் பிடித்து உட்காரவைத்து, முடியை உச்சியில் வட்டமாகச் சுற்றி, ஒரு கற்றையை மட்டும் காதோரம் தொங்கவிட்டாள். அவர்கள் ஊரில் கன்னத்தில் பூசும் மரப்பட்டை இங்கே கிடைக்காது. சந்தனத்தை உரசி இரண்டு கன்னத்திலும் வட்டமாகத் தடவினாள். எனக்குக் கூச்சமாக இருந்ததால் சிரித்தேன்.

மறுநாள் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து நின்றார்கள். அப்புறம் அவர்களுடைய அக்காமார். சிரித்தவர்களே மாமியின் சட்டையைக் கேட்டு வாங்கிப்போய்த் தையற்காரரிடம் மாதிரி காட்டினார்கள். மாமியும் மெல்ல மெல்ல வாய்விட்டுப் பேசத் தொடங்கினாள்.

நோன்புப் பெருநாள் காலையில் சந்திலிருந்த பெண்பிள்ளைகள் அத்தனை பேரும் பர்மாக் கொண்டையும் சந்தனக் கன்னமுமாகத் தெருவில் கூடிவிட்டோம். எதிர்வீட்டுக்காரம்மா வாசலில் நின்று, "எது பர்மாப் பிள்ள, எது நம்ம பிள்ளன்னே தெரியலியே! இம்புட்டுப் பேரையும் நீதான் பெத்தியாடி?" என்று மாமியை அழைத்துக் காட்டினாள். பாராட்டாகத்தான் சொன்னாள்.

வெளியே வந்த மாமி எங்களைப் பார்த்தாள். பிறகு கிட்டே வந்து ஒவ்வொருத்தியின் தாடையையும் நிமிர்த்தி முகத்தைப் பார்த்தாள். ஒருத்தியை விட்டு அடுத்தவள், அவளை விட்டு அடுத்தவள். விளையாட்டு என்று பிள்ளைகள் குதித்தார்கள். பார்த்து முடித்ததும் மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். அப்புறம் ஏதோ ஒரு பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே சந்து முனைக்கு ஓடினாள். மாமா பின்னால் ஓடிப்போய் அவளைத் தோளோடு அணைத்துக் கூட்டிவந்தார். அவரும் அழுதுகொண்டிருந்தார். எதிர்வீட்டுக்காரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதற்குப் பிறகு மாமி யாருடைய முடியையும் தொடவில்லை. கைலியை விட்டுச் சேலை கட்டினாள். எங்களைப் போலவே தலையை மூடிக்கொண்டாள். "நம்மாளாயிட்டா" என்று பெண்கள் சந்தோஷப்பட்டார்கள். கொண்டையோ சந்தைத் தாண்டி மாசி வீதிவரை போய்விட்டது. அதைப் போட்ட பெண் யாராவது வாசலில் தெரிந்தால் மாமி எழுந்து உள்ளே போய்விடுவாள்.

நான் அவளோடு வெகுநாள் பேசவில்லை. அன்று அத்தனை பேரிலும் என் முகத்தைத்தான் அவள் நெடுநேரம் பார்த்தாள். அழகாயிருக்கிறேன் என்று சொல்லப்போகிறாள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒன்றுமே சொல்லாமல் கையை எடுத்துக்கொண்டாளே, அந்தக் கோபம் எனக்கு.