விளக்குக் கம்பத்தடிக்கு வராத அம்மா

உயரம் ஒரு விரற்கடை குறைவு என்று திருப்பி அனுப்பிய அதே தீயணைப்பு நிலையத்தில், இரண்டாம் தடவை அவள் தேறினாள். பத்து வயதுவரை தீக்குச்சி உரசும் சத்தத்துக்கே அடுத்த அறைக்கு ஓடியவள், புகை நிரப்பிய பயிற்சிக் கூடத்திலிருந்து தன்னைவிடக் கனமான பொம்மையை இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள். பயம் வந்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அந்தத் திக்குவாயோடு ஒயர்லெஸ்ஸில் பேசிக்காட்டும் தேர்வையும் முடித்தாள். வீட்டில் அவளுக்குப் பெயர் குட்டை.

உயரத் தேர்வில் அக்காவின் கைவேலையும் உண்டு. அக்கா தையல்காரி. விடிந்ததும் எடுத்த உயரம் சாயங்காலத்துக்குள் ஒரு நூல் குறைந்துவிடும் என்பது அவளுக்குத் தெரியும். "படுக்கையிலேருந்து நேரா போ. வழியில ஒரு சுமையும் தூக்காத" என்று விரட்டிவிட்டாள்.

சேர்ந்த புதிதில் குட்டைக்கு வீடு வீடாகப் போகும் வேலை. கூரையில் புகைமணி பொருத்துவாள். அடுப்பை எரியவிட்டுத் தூங்காதீர்கள், படிக்கட்டில் சாமான் அடுக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வருவாள். ஊருக்குச் சொல்பவள் சொந்த வீட்டை விடுவாளா? மூன்றாம் மாடியில் இருந்த அவர்கள் வீட்டில் மாதம் ஒரு ஒத்திகை. மணி அடித்தால் எல்லாரும் இறங்கிப்போய் எதிர்ச்சாரி விளக்குக் கம்பத்தடியில் நிற்கவேண்டும். குட்டை வேலையில் இருந்தால் அக்கா புகைமணியின் பொத்தானை அழுத்தவேண்டும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. "தீ வந்து சாகறதுக்கு முன்னாடி இவ என்னை எறக்கியே சாகடிச்சிடுவா" என்பாள். கடைசி இரண்டு ஒத்திகையில் அதற்கு ஒரு தந்திரமும் கண்டுபிடித்திருந்தாள். மணி அடித்ததும் குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வாள். குட்டை வந்து "முடிஞ்சுது, வா" என்று குரல் கொடுத்தால்தான் கதவு திறக்கும்.

அன்று மத்தியானம் அக்கா ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். மணி அலறியது. பொத்தானை அவள் தொடவில்லை. குட்டை சொல்லிக்கொடுத்தபடி புறங்கையைக் கதவில் வைத்துப் பார்த்தாள். சூடில்லை. திறந்தால் படிக்கட்டில் மெல்லிய புகை, ரப்பர் கருகும் நாற்றம்.

"அம்மா, வா!"

"வரேன், வரேன். நீ முன்னால போ."

கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு அக்கா இறங்கினாள். வாசலைத் தாண்டியதும் பின்னால் ஏதோ வெடித்தது. கீழ்வீட்டுக்காரர் படியடியில் சார்ஜ் போட்டிருந்த ஸ்கூட்டர். கம்பத்தடியில் நின்று திரும்பிப் பார்த்தாள். படிக்கட்டு முழுக்கக் கறுப்பு. அம்மா இல்லை.

திரும்ப ஓடப்போனவளைக் கீழ்வீட்டுக்காரர் பிடித்துக்கொண்டார். தீயணைப்பு வண்டி வந்தது. முதலில் குதித்தது குட்டை.

"அம்மா எங்க?"

"பின்னாலயே வரேன்னாங்கடி!"

குட்டையின் முகம் வெளுத்தது. அதிகாரியிடம் திரும்பினாள். "பா... பாத்ரூம், சார். ஒத்திகைன்னு நெனச்சு ஒளிஞ்சிருப்பாங்க. தாழைத் தெறந்தா புகை அப்படியே உள்ள வந்துடும். நான் சொன்னாத்தான் நம்புவாங்க."

"சொந்தக்காரங்க உள்ள இருந்தா நீ போகக்கூடாது, தெரியுமில்ல?" ஒரு கணம் யோசித்தார். "ஏணியில ஜன்னல்வரைக்கும் போ. கால் உள்ள போகக்கூடாது."

இரண்டு பேர் முகமூடியோடு படிக்கட்டில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு நுழைந்தார்கள். பின்சந்தில் ஏணி எழுந்தது. அக்கா அடியில் நின்று அண்ணாந்து பார்த்தாள். குட்டை குளியலறை ஜன்னலுக்கு எட்டிவிட்டாள். வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. தாடை மட்டும் ஆடியது.

ஐயோ, இப்பவா நாக்கு ஒட்டிக்கணும்!

ஜன்னலில் தலையைப் பார்த்திருக்கவேண்டும், உள்ளேயிருந்து அம்மாவின் குரல் சாவகாசமாகக் கேட்டது. "என்னடி, முடிஞ்சுதா? வரட்டுமா?" தாழ்ப்பாள் கிரீச்சிட்டது.

அக்காவுக்குக் கண் இருண்டது.

"தொடாத!"

தெருவே திரும்பிப் பார்த்தது. பயந்த நேரத்தில் அப்படி உரக்க, திக்காத ஒரு சொல் குட்டையின் வாயிலிருந்து அதுவரை வந்ததில்லை. "தாழைத் தொடாத! நெஜத் தீ! துண்டை நனைச்சுக் கதவடியில அடைம்மா!"

"அடிப்பாவி, இதை மொதல்லயே சொல்றதுக்கென்ன!" என்ற குரலில் இப்போது நடுக்கம். குழாய் திறக்கும் சத்தம். அப்புறம் இருமல். அப்புறம் ஒன்றுமில்லை. ஒன்றுமே இல்லை. குட்டை ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி பேசிக்கொண்டே இருந்தாள். "இருக்கியாம்மா? தட்டு. ஏதாவது தட்டு." வாளியில் ஒரு தட்டல் கேட்டது. பிறகு இன்னொன்று.

முகமூடிக்காரர்கள் அம்மாவை வாசல் வழியாகத் தூக்கிவந்தபோது அவள் முகமெல்லாம் கரி. அக்காவைப் பார்த்ததும் கையை ஆட்டினாள். "என்னைக் கம்பத்தடியில எறக்கச் சொல்லு. இல்லேன்னா அவ இந்தத் தடவையும் நான் வரலைன்னுடுவா."

அக்கா அழுதாள். குட்டை கம்பத்தைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தாள்.

அந்த நிலையத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் முதல் தீயைப் பார்க்கும்வரை வருகைப் பதிவில் தங்கள் எண்ணை மட்டுமே எழுதுவார்கள். சாயங்காலம் அதிகாரி பேனாவை நீட்டினார். "எண் வேணாம்மா. கையெழுத்துப் போடு." கடைசி எழுத்து கட்டத்தைத் தாண்டி ஓடியது. பக்கத்தில் தேதி போட்டாள்: ஜூன் பதினொன்று.