பின்சீட்டு வாய்களும் நார்சிசாவும்

பின்சீட்டில் பேச்சு கோணலாகப் போகிறது என்று தெரிந்ததும், வாடகைக் கார் ஓட்டும் நார்சிசா முதலில் ரேடியோவை அணைப்பாள். பிறகு ரொம்பப் பணிவாக, "சார், கோயில் வருது" என்பாள். பின்சீட்டில் இருப்பவர் யாரைத் திட்டிக்கொண்டிருந்தாலும் சரி, கை தானாக நெற்றிக்குப் போய்விடும். நெற்றி, வயிறு, வலது தோள், இடது தோள். அப்படி மூன்று முறை. ருமேனியாவில், புக்கரெஸ்ட்காரன் பஸ்ஸில் அரைத்தூக்கத்தில் இருந்தாலும் கோயிலைத் தாண்டும்போது சிலுவை போட்டுக்கொள்வான். இப்போதுதான் கடவுளைக் கும்பிட்டோம், அதற்குள் கெட்ட வார்த்தையா என்று யாருக்கும் கொஞ்சம் கூச்சம் வரும். அந்தக் கூச்சம் இரண்டு சிக்னல் வரைக்கும் தாங்கும் என்பது அவள் அனுபவம்.

மற்ற ஓட்டுநர்கள் நெரிசல் இல்லாத வழியைத் தேடுவார்கள். இவள் கோயில் உள்ள வழியை மனதில் வைத்திருப்பாள். அதில் வேடிக்கை என்னவென்றால், அவள் போகிற பெந்தெகொஸ்தே சபையில் சிலுவை போடும் வழக்கமே கிடையாது. "உங்க பாஸ்டருக்குத் தெரிஞ்சா விடுவாராக்கா?" என்று சக ஓட்டுநர் நேலு ஒருநாள் சீண்டினான்.

"நான் எங்கடா போட்டேன்? கோயில் வருதுன்னு வழி சொன்னேன். போடுறது அவங்க" என்றாள்.

ஒருதடவை அவசரத்தில் தவறான சந்தில் திருப்பி, வழக்கம்போல "கோயில் வருது" என்றும் சொல்லித் தொலைத்தாள். வந்தது புதிதாக வெள்ளையடித்த ஒரு சூதாட்ட விடுதி. அதன் கோபுரத்துக்குப் பின்சீட்டில் இருந்தவர் பயபக்தியோடு மூன்று முறை சிலுவை போட்டார். அதைச் சொல்லும்போதெல்லாம் அவளுடைய இரண்டு தங்கப் பற்களும் வெளியே தெரியச் சிரிப்பாள்.

நாற்பத்தைந்து வயதிருக்கும். கறுத்த, அகன்ற முகம், இடுப்புவரை தடித்த பின்னல். பார்த்ததுமே, ஜிப்ஸி என்று ஊர் இளக்காரமாகச் சொல்லும் ரோமா இனத்தவள் என்று தெரிந்துவிடும். சிலருக்கு அதுவே போதும். "ஓ, ரோமாவா? அப்ப பையைப் பத்திரமா வெச்சுக்கணும்" என்பார்கள், ஏதோ பெரிய நகைச்சுவை சொல்லிவிட்டதுபோல.

"வெச்சுக்குங்க சார். இறங்கும்போது மறக்காம எடுத்துட்டும் போங்க. மறந்துட்டுப் போறவங்க பையைத் தேடித்தேடிக் கொடுக்கறதுக்கே எனக்குப் பாதி நாள் போயிடுது."

பொம்பளை ஓட்டுகிறாளே என்று முனகுகிறவர்களுக்கு வேறு பதில். "நான் ஓட்டுறேன், நீங்க பயப்படுங்க சார். வேலையைப் பிரிச்சுக்குவோம்."

அடேயப்பா, என்ன வாய் என்று தோன்றும். ஆனால் வலிக்காமல் இல்லை. வடக்கு ரயில் நிலையத்துக்குப் பின்னால் வண்டியை ஓரங்கட்டி, வறுத்த சூரியகாந்தி விதையைக் கொறித்து, தோலைத் தூத்தூவென்று துப்பிக்கொண்டிருந்தால், கடைசியாக இறங்கியவன் யோக்கியன் இல்லை என்று நேலு புரிந்துகொள்வான். பொட்டலம் தீரும்வரை அவள் பக்கத்திலேயே போகமாட்டான்.

போன குளிர்காலத்தில் ஒருவனிடம் அவள் பதிலுக்குப் பதில் பேசிவிட்டாள். அவன் புகார் போட்டான். கம்பெனி விசாரிக்கக்கூட இல்லை, ஐடியை பிளாக் பண்ணிவிட்டது. கெஞ்சிக் கூத்தாடித்தான் திரும்ப வாங்கினாள். இன்னொரு புகார் வந்தால் ஒரேயடியாக நீக்கம் என்று எழுத்தில் வந்துவிட்டது. அதற்கு முன்னால் பல வருஷம் அலுவலகங்களில் கழிவறை கழுவியவள் அவள். வேலை போனால் மறுபடி வாளியைத் தூக்க வேண்டியதுதான். "என்ன சொன்னாலும் காதுல வாங்காம ஓட்டுக்கா" என்று நேலு படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்.

அதன்பிறகுதான் இந்தக் கோயில் வித்தையே பிறந்தது.

ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாட்களில் ஒரு காலை, புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போக ஒரு தம்பதி ஏறினார்கள். ஆள் நல்ல கோட்டு, நல்ல ஷூ. மனைவி தலையில் இறுக்கிக் கட்டிய துணி, மடியில் ஸ்கேன் படம் வைத்த பெரிய உறை. கார் நகர்வதற்குள் அவன் ஆரம்பித்துவிட்டான்.

"ஒரு பக்கம் போயாச்சு. இன்னொண்ணையும் வெட்டிட்டா நீயும் ஆம்பளைதான், லெனுட்சா. ரெண்டு பேரும் ஒரே சட்டையைப் போட்டுக்கலாம்." பிறகு முன்பக்கம் குனிந்து, "என்னம்மா டிரைவர், சரிதானே?" என்று சிரிப்புக்கு ஆள் சேர்த்தான்.

நார்சிசா ரேடியோவை அணைத்தாள். "சார், கோயில் வருது."

அவன் மூன்று முறை ஒழுங்காகச் சிலுவை போட்டான். போட்ட அதே கையால் மனைவியின் தலைத்துணியைச் சுண்டினான். "உனக்காகத்தான் வேண்டிக்கிட்டேன். சீக்கிரமா கூட்டிக்கிட்டுப் போயிடு சாமின்னு."

அந்த அம்மாள் துணியைச் சரிசெய்துகொண்டாள். நார்சிசா அதைக் கண்ணாடியில் பார்த்தாள். இண்டிகேட்டரைப் போட்டாள், ஓரமாக நிறுத்தினாள்.

"சார், இறங்குங்க."

"என்னது? புக் பண்ணினது நான்! ஒரு புகார் தட்டிவிட்டேன்னா நாளைக்கு நீ தெரு கூட்டப் போவே, ரோமாக்காரி."

அது உண்மை என்று அவளுக்குத் தெரியும். அவனைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் போனை எடுத்து, டிரிப்பைத் தன் கையாலேயே ரத்து செய்தாள்.

"உங்க டிரிப் முடிஞ்சுது சார். இப்ப இது என் வண்டி. இதுல யாரு வரணும்னு நான்தான் சொல்லுவேன். அம்மாவை நான் ஆஸ்பத்திரில விட்டுடறேன்."

அவன் இறங்கினான். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, ஒரு கையால் போனில் அப்போதே புகாரைத் தட்டத் தொடங்கினான். "லெனுட்சா, இறங்கு. உன்னைத்தான் சொல்றேன், இறங்குடி!"

நார்சிசா திரும்பிப் பார்க்கவில்லை. வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. எஞ்சினை மட்டும் ஓடவிட்டிருந்தாள்.

"டாக்டர் காத்துக்கிட்டு இருப்பாரு" என்றாள் லெனுட்சா, மடியிலிருந்த உறையிடம் சொல்வதுபோல. எட்டிக் கதவைப் பிடித்து இழுத்தாள். முதல் இழுப்பில் அவன் விடவில்லை. இரண்டாவது இழுப்பில் கதவு சாத்திக்கொண்டது.

வண்டி மெயின் ரோட்டுக்கு வந்தபோது போன் டிங் என்றது. உங்கள் கணக்கு நிறுத்தப்பட்டிருக்கிறது என்று இரண்டு வரி. நார்சிசா வாசித்தாள், போனைக் கவிழ்த்து வைத்தாள். அவ்வளவுதான், முடிந்தது கதை. இனி வாளிதான் என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது.

பின்னால் அழுகை தொடங்கியது. சத்தம் வராமல் அழுது பழகியவளின் அழுகை. நடுவே நிமிர்ந்து, யாராவது பார்க்கிறார்களா என்று முன்பக்கம் பார்த்தாள்.

நார்சிசா கையை உயர்த்தி, பின்சீட்டைக் காட்டும் கண்ணாடியைக் கூரையைப் பார்க்கத் திருப்பி வைத்துவிட்டு, ஓட்டினாள்.