நான் தெரிந்தெடுத்த நாலு சக்கரங்கள்

எங்கள் கார் சின்னக் கார். பின் இருக்கையில் மூன்று பேர் இருந்தால் நடுவில் இருப்பவர் மூச்சைப் பாதி பாதியாகத்தான் விடவேண்டும். ஆனாலும் அது என் மனைவி குவைத்தில் நாலு வருடம் ஊரார் வீடு கூட்டித் துடைத்து வாங்கிய கார். அவள் போகும்போது மகளுக்கு மூன்று வயது, வரும்போது ஏழு. வந்த கிழமையே நாங்கள் இரண்டு பேரும் ஒரு முடிவு எடுத்தோம். காரில் நான் வாடகைக்கு ஆளேற்றி ஹயர் ஓட்டுவேன். கார் வீட்டைப் பார்த்துக்கொள்ளும். அவள் இனிப் போகமாட்டாள். பேசாலையில் இப்படி முடிவெடுத்த வீடுகள் பல உண்டு. அதில் எங்கள் வீடும் ஒன்று.

இரண்டு வருடம் கார் ஓடியது. மூன்றாம் வருடம் சக்கரங்கள் மக்கர் பண்ணத் தொடங்கின. கொம்பனியில் இருந்து காரோடு வந்த இரும்பு றிம்கள் அவை. எங்கள் மன்னார்த் தீவில் இரும்பு என்றால் என்ன பாடு படும் என்பதை இங்கே சைக்கிள் வைத்திருப்பவனைக் கேட்டாலே சொல்வான். தென்மேற்கில் இருந்து அடிக்கும் சோளகக் காற்று உப்பையும் மணலையும் அள்ளிக்கொண்டு வந்து அப்பிவிட்டுப் போகும். றிம்மின் விளிம்பு துருப்பிடித்து உதிர்ந்தது. ரயருக்கும் றிம்முக்கும் இடையால் காற்று கசிந்தது. காலையில் எழும்பிச் சிலுவை அடையாளம் போடுமுன் நான் பம்பைத் தேடினேன். ஒருமுறை ஆஸ்பத்திரிக்குக் கிளினிக் போக இருந்த அம்மா ஒருவரை ஏற்றிக்கொண்டு போகும்போது, மன்னார் றோட்டின் நடுவில் முன் ரயர் காற்றுப் போய் இருந்துவிட்டது. அவர் இறங்கி, பின்னால் வந்த ஓட்டோவை மறித்து ஏறிப் போனார். அடுத்த மாதத்துக் கிளினிக்குக்கு என்னைக் கூப்பிடவும் இல்லை.

மன்னார் ரவுனில் நான் வழக்கமாகப் போகும் கராஜ்காரர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, கொழும்பில் பழைய சாமான் கடைகளில் இதே காருக்குக் கொம்பனி போட்ட றிம் கழற்றி வைத்திருப்பார்கள், துருப்பிடிக்காத நாலைத் தேடி எடுப்பது. மற்றது, யாழ்ப்பாணத்தில் புதிதாக அலோய் றிம் வாங்கிப் போடுவது. அலோய் துருப்பிடிக்காது, பார்வைக்கு வடிவு. ஆனால் சக்கரம் கொஞ்சம் பெரிதாகும், ரயர் மெலிதாகும், சக்கரத்துக்கு மேலே மூடியிருக்கும் மட்காட்டுக்கு வெளியே எவ்வளவு தள்ளி நிற்கும் என்று அளந்து பார்த்துத்தான் வாங்கவேண்டும் என்றார். கொம்பனி றிம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு போடலாமாம். நான் அவருடைய பேச்சில் "வடிவு" என்ற சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

மனைவிக்குக் கொம்பனி றிம்தான். குவைத்தில் அவள் வேலை செய்த வீட்டின் மூத்த மகன் மாதம் ஒருமுறை காருக்குச் சக்கரம் மாற்றுவானாம். ஒவ்வொன்றும் கண்ணாடி மாதிரி மினுங்குமாம். போன கார் பாதி நாள் வேறொரு லொறியின் முதுகில்தான் திரும்பி வருமாம். அதைச் சொல்லிவிட்டு அவள் சொன்னாள்:

"கொம்பனிக்காரன் காரைச் செய்யேக்கை யோசிச்சுத்தானே போட்டிருப்பான். அதையே போடுங்கோ. எங்களுக்கு வடிவு என்னத்துக்கு, கார் உழைச்சால் காணும்."

அவள் சொன்னது சரி என்று எனக்கு அப்போதே தெரியும். அதனால்தான் கோபம் வந்தது. எனக்குக் கோபம் எப்போதும் மற்ற ஆள் சரியாகச் சொல்லும்போதுதான் வரும்.

என் கோபத்துக்கு வேறொரு கதையும் இருந்தது. ஊரில் அதை யாரும் என் கார் என்று சொல்வதில்லை. "மனிசி உழைச்ச கார்" என்பார்கள். சொல்பவர்கள் கெட்ட எண்ணத்தோடு சொல்வதில்லை, இருப்பதைத்தான் சொன்னார்கள். ஆனால் ஸ்ரியறிங்கைப் பிடித்துக்கொண்டு இருப்பவனுக்கு அது நாளுக்கு நாலு தரம் குத்தும். அந்தக் காரில் என் கையால் நானே தீர்மானித்தது என்று ஒரு சாமானும் இல்லை. கண்ணாடியில் தொங்கும் செபமாலைகூட அவள் மடு மாதா கோவிலில் வாங்கியது. இதோடு, வெளிநாட்டில் இருந்து கலியாணத்துக்கு வந்த ஒரு குடும்பம் மாப்பிள்ளைக் காருக்கு என் காரைப் பார்க்க வந்து, சுற்றிவந்து, துருப்பிடித்த சக்கரங்களில் கண்ணை நிறுத்தி, யோசித்துச் சொல்கிறோம் என்று போனார்கள். கலியாண ஹயர்தான் ஹயர். ஒரு கலியாணம் பத்துக் கிளினிக்குக்குச் சமன். அன்று முடிவெடுத்தேன்.

பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லித்தான் யாழ்ப்பாணம் போனேன். வரும்போது காரில் புது ரயரோடு பூட்டிய நாலு அலோய் றிம். கறுப்பு, விளிம்பில் வெள்ளி. அளந்து பார்க்கவேண்டும் என்று கராஜ்காரர் சொன்னதைக் கடையில் கேட்டேன், எல்லாம் சரியாக வரும் அண்ணை என்றான் கடைக்காரன், நானும் தலையாட்டினேன். திரும்பி வரும் வழியில் மூன்று இடத்தில் தேவையில்லாமல் நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் அவ்வளவு சந்தோசமாக இருந்த நாள் கலியாணம் கட்டிய நாளுக்குப் பிறகு அதுதான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய, கோவில் முற்றத்தில் பங்குச் சுவாமி காருக்குத் தீர்த்தம் தெளித்தார். சக்கரத்துக்கும் கொஞ்சம் தெளிக்கச் சொன்னேன்.

மனைவி காரை ஒருதரம் சுற்றிவந்தாள். வடிவாகத்தான் இருக்கிறது என்றாள். பழைய றிம்களை என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். அதை உன் தம்பியிடம் கொடுத்துவிட்டேன் என்றேன்.

அடுத்த கிழமை விபூதிப் புதன், உயிர்த்த ஞாயிறு வரைக்குமான எங்கள் தவக்காலம் தொடங்கும் நாள். தவக்காலத்தில் எங்களிடம் கலியாணம் இல்லை என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் எங்களுக்குத் தவக்காலம் நடக்கும்போது எருக்கலம்பிட்டிப் பக்கம் முஸ்லிம் கலியாணங்கள் நடக்கும், அவர்களுடைய நோன்பு தொடங்கும்வரைக்கும் எனக்கு ஓட்டம் இருக்கும். முந்திய வருடங்களில் அப்படித்தான் சமாளித்தேன். நோன்பு வருடத்துக்கு வருடம் பத்துப் பதினொரு நாள் முந்திக்கொண்டு வருவதை நான் நினைத்துப் பார்க்கவில்லை. அந்த வருடம் தவக்காலமும் நோன்பும் ஒரே கிழமையில் தொடங்கின. என்னை வழக்கமாகக் கூப்பிடும் எருக்கலம்பிட்டி நானா ஒருவருக்குப் போன் எடுத்தேன். நோன்புப் பெருநாள் கழியட்டும், பிறகு பார்ப்பம் என்றார். கிறிஸ்தவனும் முஸ்லிமும் ஒன்றாக நோன்பிருக்கிறார்கள், தீவு முழுக்க ஒரு மேளச் சத்தமில்லை, நான் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கென்று மினுக்கிய சக்கரங்களோடு சந்தியில் நிற்கிறேன். இந்த மன்னாரில் இரண்டு கலண்டரையும் தெரிந்துவைத்திருக்காத ஹயர்காரன் நான் ஒருவன்தான்.

கிடைத்த சின்ன ஓட்டங்களிலும் தொல்லை. ஆள் நிரம்ப ஏற்றினால் பின் ரயர் மட்காட்டில் உரஞ்சியது. பள்ளத்தில் விழும்போதெல்லாம் கார் அழுதது. மடுவுக்குப் போன குடும்பம் ஒன்று அது என்ன சத்தம் என்று கேட்டது. புது ரயர், பழகும் என்றேன். பொய். வீட்டிலும் அதே பொய்யைச் சொன்னேன். அவள் நம்பினாளா என்று தெரியாது. சமையலறையில் சாமான் குறைந்துகொண்டு வந்தது மட்டும் இரண்டு பேருக்கும் தெரியும்.

அப்படி இருக்கும்போதுதான் நண்டு வாங்கி விற்கும் ஒருவர் கரையில் இருந்து பெட்டிகளை ரவுனுக்குக் கொண்டுபோக முடியுமா என்று கேட்டார். அவருடைய வாகனம் பழுது. மாப்பிள்ளைக் காரில் நண்டா என்று நான் யோசிக்கவில்லை. ஓம் என்றேன். கடற்கரையில் மீனவர் கொட்டில்கள் இருக்கும் வாடிக்குப் போகும் வழி முழுக்க மணல். இங்கே கரைக்கு வாகனம் இறக்குபவர்கள் மணல் தொடங்கும் இடத்தில் நிறுத்தி, நாலு ரயரிலும் காற்றைக் குறைத்துவிட்டுப் போவார்கள். காற்றுக் குறைந்த ரயர் மணலில் பரந்து நிற்கும், புதையாது. நான் பெடியனாக இருக்கும்போதே என் கைக்குப் பழகின வேலை அது. அன்றும் இறங்கினேன், குனிந்தேன், நாலிலும் புஸ் என்று காற்றை விட்டேன், ஏறி ஓடினேன். இது மெலிந்த ரயர், உள்ளே இருப்பது அலோய் என்பது என் தலைக்கு வரவேயில்லை. மணலுக்குள் முருகைக்கல் ஒன்று, பவளப்பாறைத் துண்டு, கிடந்தது. பழைய தடித்த ரயர் என்றால் அதை விழுங்கிக்கொண்டு போயிருக்கும். இது வெடிச்சத்தம் மாதிரிக் கேட்டது. முன் றிம் வெடித்துப் பிளந்தது, பின்னால் வந்ததும் அதே கல்லில் ஏறி வளைந்தது.

நண்டுகள் உழவு மெசின் ஒன்றில் போயின. நான் காரோடு வெயிலில் இருந்தேன்.

யாழ்ப்பாணக் கடைக்காரன் அந்த டிசைன் முடிந்துவிட்டது, தனியாக இரண்டு கிடைக்காது, வேறு நாலு எடுங்கள் என்றான். நான் அவனைப் பேசிய பேச்சுத் தவக்காலத்தில் பேசக்கூடாத பேச்சு. கராஜ்காரர் வெடிப்பை உருக்கி ஒட்டலாம், ஆனால் ஆள் ஏற்றி ஓடும் காருக்கு நான் ஒட்டமாட்டேன் என்றார். கடைசியில் மனைவியின் தம்பியிடம் போனேன், பழைய இரும்பு றிம்களைத் தரச்சொல்லி. துருவை உரஞ்சிப் பெயின்ற் அடித்தாவது ஓடலாமே. அவன் தலையைச் சொறிந்தான். நாலுக்குள்ளும் சிமெந்து ஊற்றி, கயிறு கட்டி, வள்ளம் கட்டக் கடலுக்குள் இறக்கிவிட்டானாம். நல்ல பாரமாம், அசையாதாம். அவனில் என்ன பிழை? இங்கே பழைய றிம்முக்கு வேறு வேலை இல்லை. கொடுத்தவன் நான்.

கார் சக்கரமில்லாமல் செங்கட்டி அடுக்கில் ஏறி நின்றது. மனைவி ஏசுவாள் என்று காத்திருந்தேன். ஏசினால் நானும் திருப்பி நாலு சொல்லி, அழுது, முடித்திருக்கலாம். அவள் ஏசவில்லை. ஒரு காலை அலுமாரியைத் திறந்து, சேலைகளுக்குக் கீழே இருந்த பாஸ்போட்டை எடுத்து, முடிகிற திகதியைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை, திகதியைத்தான் பார்த்தாள்.

நான் கத்தினேன். உன்னைப் போகச்சொல்லி யார் கேட்டது, நான் கூலிக்குப் போறன், கடலுக்குப் போறன் என்று. மகள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மனைவி பாஸ்போட்டைக் கையில் வைத்துக்கொண்டே கதிரையில் இருந்தாள்.

"கார் ஓடினால் போகத்தேவையில்லை எண்டுதான் பேசினனாங்கள்," என்றாள். "கார் நிக்குது. பிள்ளைக்கு வயசு ஓடுது. நான் கோபத்திலை போகேல்லை."

கோபத்தில் போகிறேன் என்று சொல்லியிருந்தால் அவளைத் தடுக்க எனக்கு ஒரு வழி இருந்திருக்கும்.

எல்லாம் விறுவிறென்று நடந்தது. வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கு அனுப்பும் ஏஜென்சி முன்கூட்டிக் கொஞ்சக் காசு கையில் கொடுக்கும். அவள் அதைக் கொண்டுவந்து என் கையில் வைத்து, கொழும்பில் இருந்து கொம்பனி றிம் நாலு எடுப்பியுங்கோ என்றாள். நான் மாட்டேன் என்றேன். அப்ப நான் போறதுக்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். போய் எடுத்துக்கொண்டு வந்தேன். சாம்பல் நிறம், ஒரு வடிவும் இல்லை. கராஜ்காரர் கண்ணை மூடிக்கொண்டு பூட்டினார்.

விமானம் பின்னேரம். காலையில் புறப்பட்டோம். அவளும் மகளும் பின்னால் இருந்தார்கள், மகள் தாயின் மடியில் தலைவைத்து நித்திரை. மதவாச்சி, அநுராதபுரம், புத்தளம் என்று கார் வழுக்கிக்கொண்டு போனது. ஓர் உரஞ்சல் இல்லை, ஓர் ஆட்டம் இல்லை. கார் இவ்வளவு நன்றாக ஓடியதே கிடையாது. எங்காவது நின்றுவிடாதா என்று நான் வழி முழுக்க மன்றாடினேன். நிற்கவில்லை.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியதும் அவள் மகளின் தலையைச் சரிசெய்து விட்டாள். என்னிடம், பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கோ, மெல்லப் போங்கோ என்றாள். பையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

வெளியே வந்து நின்றபோது, பிரான்சில் இருந்து வந்த ஒருவர் காரின் பின்னால் இருந்த மன்னார் ஸ்ரிக்கரைப் பார்த்துவிட்டு வந்தார். மன்னார்ப் பக்கத்து முருங்கனுக்குப் போகவேண்டும், கூப்பிட்ட வான் வரவில்லை, ஏற்றுவீர்களா என்று கேட்டார். சாமான்களை ஏற்றினேன். மகளை முன்னுக்கு எடுத்து, அவரைப் பின்னால் இருத்தினேன். புத்தளம் வருமுன்னமே அவர் கார் நன்றாக ஓடுகிறது என்று இரண்டு தரம் சொன்னார். உயிர்த்த ஞாயிறு கழிய அவருடைய தங்கைக்குக் கலியாணமாம். ஒரு கிழமைக்குக் கார் வேண்டுமாம். உங்களையே பிடிக்கலாமா என்று கேட்டார். ஓம் என்றேன்.

அப்போதுதான் போன் அடித்தது. மனைவி, விமானத்தில் ஏறுமுன் கடைசியாக எடுக்கிறாள்.

"எங்கை நிக்கிறியள்?" என்று கேட்டாள்.

வழியில் நிற்கிறோம் என்றேன். பிள்ளை சாப்பிட்டாளா என்று கேட்டாள், சாப்பிட்டாள் என்றேன். ஹயர் கிடைத்ததையும் கலியாணத்தையும் சொல்லவில்லை. சொன்னால் அவள் உண்மையாகவே சந்தோசப்பட்டிருப்பாள். அதைக் கேட்டுக்கொண்டு வண்டி ஓட்ட என்னால் முடிந்திராது.