தோட்டத்தில் ஒரு சிவப்பு வட்டம்

எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடப் படி ஏறியவள் நான். இன்று வானிலிருந்து செய்மதி எடுக்கும் படங்களைப் பார்த்து, குடாநாட்டின் மண்ணும் நிலத்தடி நீரும் எப்படி இருக்கின்றன என்று அறிக்கை எழுதுகிறேன். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை.

அந்தப் படங்களில் பச்சைப் பயிர் சிவப்பாகத் தெரியும். போன கோடையில் எங்கள் ஊரான நீர்வேலிப் பக்கம் முழுவதும் வெளிறிக் கிடந்தபோது, ஒரு வாழைத்தோட்டத்தில் மட்டும் கடுஞ்சிவப்பாக ஒரு வட்டம் இருந்தது. அது ஐயாவின் தோட்டம்; அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். பழைய படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். வட்டம் வருடாவருடம் வளர்ந்திருந்தது. மனிதர் கட்டும் பாத்திகள் வட்டமாக இருப்பதில்லை; அடியில் நீர் தேங்கினால்தான் இப்படித் தெரியும்.

அந்த இடத்தில்தான் ஐயா சீமெந்துத் தண்ணீர்த்தொட்டி கட்ட இருந்தார். கல்லும் மணலும் வந்து இறங்கிவிட்டன. திங்கட்கிழமை மேசன் வருவார். எங்கள் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். தண்ணீர் அதைக் கரைத்துக் குகையாக்கிவிடும். மேலே தொட்டியின் பாரம் ஏறினால் நிலம் உள்ளே விழும். ஞாயிறு காலையிலேயே பஸ் ஏறினேன்.

நான் சொன்னதைக் கேட்டு ஐயா சிரித்தார். அந்த இடம் பள்ளமாக இறங்குவது அவருக்குத் தெரியும். பசளைக்குப் பனையோலை புதைத்த நிலம், ஓலை உக்கினால் மண் இறங்கத்தான் செய்யும், வருடாவருடம் செம்மண் கொட்டி மட்டப்படுத்துகிறேன் என்றார். எங்கள் ஊரில் எவரும் அதைத்தான் சொல்வார்கள்.

"நீ மேலை நிண்டு பாக்கிறாய் பிள்ளை. நான் அதிலை நிண்டு பாக்கிறன்."

இதுவரை எத்தனை லோட் மண் கொட்டினார் என்று கேட்டேன். விரல்களை மடக்கினார். ஒரு கை முடிந்து மறு கைக்குப் போனது.

"ஓலை உக்கின பள்ளத்துக்கு அவ்வளவு மண் வேணுமோ? அதெல்லாம் எங்கை போச்சுது, ஐயா?"

ஐயா மண் குத்தும் இரும்பு அலவாங்கை எடுத்துக்கொண்டு வட்டத்தின் நடுவுக்குப் போய்க் குத்தினார். இரண்டு குத்து மண்ணில் இறங்கியது. மூன்றாவது குத்தில் அலவாங்கு அவர் கையை விட்டு உள்ளே போய்விட்டது. முதலில் ஒரு சத்தமுமில்லை. பிறகு தண்ணீரில் விழும் சத்தம். அதற்கும் கீழே எங்கோ, இரும்பு கல்லில் தட்டியது.

அந்தத் துவாரத்திலிருந்து குளிர்ந்த காற்று வந்து என் காலில் பட்டது. உச்சி வெயில். ஒரு வாழையிலைகூட அசையவில்லை.

ஐயா போன அடிகளிலேயே கால் வைத்துத் திரும்பி வந்தார். தொட்டி கட்டவில்லை. சுற்றிலும் முள்ளுக்கம்பி அடித்தோம்.

இப்போது புதிய படம் வரும் நாளை என்னைவிட அவர்தான் நினைவில் வைத்திருக்கிறார். தொலைபேசியில் ஒன்றை மட்டும் கேட்பார்.

"வட்டம் கிணத்தடிக்கு வந்திட்டுதோ?"

இன்னும் இல்லை என்பேன்.

இந்த வருடமும் கம்பிக்குள் நிற்கும் வாழைகள்தான் பெரிய குலை போட்டன. வெட்ட ஒருவரும் போகவில்லை.